ஒரு வராகனுக்கு எத்தனை காசு? பாராமகால் நாட்டின் நாணயக் கணக்குகள்

"2 ரூபாய் நாணயங்களும் 5 ரூபாய் நாணயங்களுமாக ஒருவரிடம் மொத்தம் 24 நாணயங்கள் உள்ளன. அவற்றின் மதிப்பு 75 ரூபாய். ஒவ்வொன்றிலும் எத்தனை?" பள்ளிக்கூட வாசலை மிதித்த எவரும் இவ்வகைக் கணக்கிலிருந்து தப்பியிருக்க முடியாது. மொத்த மதிப்பையும் மொத்த எண்ணிக்கையையும் அறிந்துவைத்திருக்கும் அந்த மனிதர், பையைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் நம்மிடம் ஏன் கேட்கிறார் என்ற சந்தேகம் அந்த வயதில் நம்மில் பலருக்கும் எழுந்திருக்கும். எழுந்த சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்டவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்றிருப்பார்கள்.

கணக்கென்றால் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் இலக்கிய வாசகர்களுக்கு உண்டு. ஆயினும் இந்தச் சின்னஞ்சிறு கணக்குகளுக்குள் ஒரு வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. யார் எந்த நாணயத்தை அடித்தார்கள், யார் அதை ஏற்றார்கள், யார் ஏற்க மறுத்தார்கள், மறுக்கப்பட்டவன் எவ்வளவு இழந்தான் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். இவற்றை ஓர் ஊரின் வழியாகப் பார்க்க முயல்வோம். நாம் எடுத்துக்கொள்வது கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தெற்கெல்லையில் இருக்கும் ஊத்தங்கரை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் எல்லை நாடு அது. மொழிகள் கலந்த இடத்தில் நாணயங்களும் கலந்தே கிடந்தன.

இரண்டு வகைக் கணக்கு

முதலில் மேற்கண்ட கணக்கை முடித்துவிடுவோம். இயற்கணிதம் அறிந்தவர்கள் x என்றும் y என்றும் போட்டுச் செய்வார்கள். பழைய வாத்தியார்கள் அது இல்லாமலே செய்வார்கள். 24 நாணயமும் 5 ரூபாயே என்று வைத்துக்கொள். 120 ரூபாய் ஆகிறது. இருப்பதோ 75. மிகுதி 45. ஒரு 5 ரூபாயை எடுத்துவிட்டு அங்கே ஒரு 2 ரூபாயை வைத்தால் 3 ரூபாய் குறையும். 45 குறைய வேண்டுமானால் 15 முறை மாற்ற வேண்டும். ஆகவே 2 ரூபாய் நாணயம் 15, 5 ரூபாய் நாணயம் 9. பொய்யான ஒன்றை முதலில் மெய்யென்று கொண்டு, பிறகு பிழையை அளந்து மெய்யை அடையும் வழி இது. கதை எழுதுகிறவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது.

இதே கணக்கில் '24 நாணயங்கள்' என்ற செய்தியை மட்டும் நீக்கிவிட்டுப் பாருங்கள். 2 ரூபாயும் 5 ரூபாயுமாக 75 ரூபாய் தர வேண்டும், எத்தனை வழிகள்? இப்போது விடை ஒன்றல்ல. 5 ரூபாய் நாணயத்தின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் போதும். 1, 3, 5 என்று 15 வரை எட்டு வழிகள் கிடைக்கும். முதல் வகைக் கணக்கு பள்ளிக்கூடத்துக்கு உரியது; அங்கே ஒரே விடைதான் உண்டு, அதற்குத்தான் மதிப்பெண். இரண்டாம் வகை சந்தைக்கு உரியது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு எப்படியாவது தொகையைக் கட்டி முடிக்க வேண்டும் என்பதே அங்குள்ள நிபந்தனை.

இரண்டாம் வகைக்கு இந்திய மரபில் மிகப் பழைய கவனிப்பு உண்டு. 499இல் ஆரியபட்டர் விளக்கிய 'குட்டகம்' என்னும் முறை, முழு எண்களாக மட்டுமே விடை வேண்டும் என்ற இத்தகைய சமன்பாடுகளை உடைத்து உடைத்துச் சிறியதாக்கித் தீர்ப்பதாகும். நாணயத்தைப் பாதியாக நறுக்கித் தர இயலாது என்பதால் சந்தைக் கணக்குக்கும் அதே நிபந்தனைதான். பாஸ்கரர் 1150ஐ ஒட்டி எழுதிய 'லீலாவதி' நாணய வாய்பாட்டோடுதான் தொடங்குகிறது: 20 சோழி ஒரு காகிணி, 4 காகிணி ஒரு பணம், 16 பணம் ஒரு திரம்மம், 16 திரம்மம் ஒரு நிஷ்கம். கணித நூலின் வாசலிலேயே நாணயமாற்று அட்டவணை தொங்குவதைப் பார்க்கிறோம்.

அரசகுமாரனுக்கு நூறு பறவைகள்

நமது எல்லை நாட்டுக்கு மிக நெருக்கமான பழைய கணித ஆசிரியர் மகாவீரர். ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850ஐ ஒட்டி, கன்னட நாட்டில் வாழ்ந்த சமணர். அவருடைய 'கணித சார சங்கிரகம்' 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனரால் தெலுங்குக்குச் சென்றது. மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் பதிப்பித்தவர் எம். ரங்காசாரியார். ராஷ்டிரகூடர் மேலாண்மையின் கீழ் நுளம்பர்கள் ஆண்ட தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, ஊத்தங்கரைக்கு அண்டை ஊர். அத்தகடூரிலும் 9ஆம் நூற்றாண்டில் சமணக் கோயில் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. மகாவீரரின் கணக்குகள் இப்பக்கத்துத் திண்ணைகளுக்கும் வந்திருக்கலாம் என்று எண்ணிப்பார்ப்பது இன்பமாகத்தான் இருக்கிறது. அதை நிறுவ முடியாது என்பதால் எண்ணிப்பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவருடைய கணக்குகளில் இரண்டை இங்கே நம் சொற்களில் தருகிறோம். புறா 3 பணத்துக்கு 5. நாரை 5 பணத்துக்கு 7. அன்னம் 7 பணத்துக்கு 9. மயில் 9 பணத்துக்கு 3. அரசகுமாரன் விளையாட 100 பணத்துக்கு 100 பறவைகள் வாங்கி வர வேண்டும். விடைகளுள் ஒன்று: புறா 15, நாரை 28, அன்னம் 45, மயில் 12. கொடுத்த பணம் முறையே 9, 20, 35, 36. கூட்டிப் பார்த்தால் பறவையும் நூறு, பணமும் நூறு. இதே சாயலில், 100 காசுக்கு 100 கோழி வாங்கும் கணக்கு 5ஆம் நூற்றாண்டுச் சீன நூலான சாங் சியூஜியானின் கணித நூலில் இருக்கிறது. வணிகர் சென்ற வழியெல்லாம் கணக்கும் சென்றது போலும்.

இரண்டாவது கணக்கு இன்னும் சுவையானது. வழியில் மூன்று வணிகர்கள் ஒரு பண முடிப்பைக் காண்கிறார்கள். "இது எனக்குக் கிடைத்தால் உங்கள் இருவரிடமும் சேர்ந்து இருப்பதைப்போல் இருமடங்கு என்னிடம் இருக்கும்" என்கிறான் ஒருவன். அடுத்தவன் மும்மடங்கு என்கிறான். மூன்றாமவன் ஐந்து மடங்கு என்கிறான். கையிருப்பு முறையே 1, 3, 5 என்றும், முடிப்பில் இருப்பது 15 என்றும் கொண்டால் மூன்று கூற்றும் பொருந்தும். மூவரிலும் பெரிய கனவு காண்பவன் ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவன் என்பதையும் கணக்கு ஓசையின்றிச் சொல்லிவிடுகிறது. முடிப்பைத் தொலைத்தவன் யார் என்று மட்டும் மூவரில் ஒருவனும் கேட்கவில்லை.

பாராமகால் சந்தையில்

மகாவீரரின் பறவைச் சந்தையில் பணம் என்றால் ஒரே பணம்தான். உண்மையான சந்தையில் அப்படியில்லை. அதற்குப் பாராமகால் நல்ல சான்று.

பாராமகால் என்பது கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், ஊத்தங்கரை முதலிய இடங்களை உள்ளடக்கிய பகுதியின் பழைய பெயர். ஐதர் அலிக்கும் பிறகு திப்பு சுல்தானுக்கும் உரியதாக இருந்த இந்நாடு, 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பக்கத்து மேட்டுநிலம் திப்பு வீழ்ந்த 1799 வரை மைசூரிடமே இருந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளும் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் குறுக்கே இரண்டு அரசுகளின் எல்லைக்கோடு ஓடியது. ஊத்தங்கரைக்கு அருகே சிங்காரப்பேட்டையில் தொடங்கும் செங்கம் கணவாய் வழியாகத்தான் ஆற்காட்டுச் சமவெளிக்கும் மைசூர் மேட்டுநிலத்துக்கும் போக்குவரவு. படைகள் போன வழியிலேயே வணிகமும் போனது. 1767இல் செங்கத்தில் ஐதருடைய படையும் கம்பெனிப் படையும் மோதியது இவ்வழியின் முக்கியத்துவத்தைச் சொல்லும்.

அந்நாட்களில் இங்கே ஒரு குடியானவரின் மடியில் என்னென்ன இருந்திருக்கக்கூடும்? மைசூரின் கண்டீரவப் பணம் முதலில் நினைவுக்கு வருகிறது. 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராச உடையாரின் பெயரால் வழங்கிய பொன் காசு அது. எடை அரை கிராமுக்கும் குறைவு. விரலிடுக்கில் நழுவினால் புழுதியில் தேடி எடுப்பது அரிது. 10 கண்டீரவப் பணம் ஒரு கண்டீரவ வராகன் என்று கணக்கெழுதினார்கள். விந்தை என்னவென்றால் அந்த வராகன் கையில் பிடிக்கக்கூடிய நாணயமே அல்ல, ஏட்டில் மட்டும் வாழ்ந்த பெயர். அடுத்து, திப்புவின் வராகன்களும் யானை முத்திரை பொறித்த செப்புக் காசுகளும். கிழக்கிலிருந்து வந்தது சென்னையில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன். கம்பெனிக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகன் 42 பணம். ஒரு பணம் 80 காசு. ஆகவே ஒரு வராகனுக்கு 3,360 காசு. கடைத்தெருவிலோ இந்த வீதம் ஏறும், இறங்கும். இவை போதாவென்று பலவகை ரூபாய்களும் உலவின. 'காசு'தான் ஆங்கிலேயர் வாயில் 'கேஷ்' ஆயிற்று, 'பணம்' 'ஃபனம்' ஆயிற்று என்பதை இங்கே நினைவுகொள்ளலாம்.

இத்தனை நாணயங்களும் உலவும் ஊரில் நிலவரி கட்டுவதே ஒரு நாணயக் கணக்கு. பாராமகாலின் முதல் கலெக்டர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாளர்களாக வந்த இராணுவ அதிகாரிகளுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1792 முதல் 1799 வரை இங்கே இருந்தார், தர்மபுரியில் தங்கினார். ஜமீன்தார் போன்ற இடையாட்கள் இல்லாமல் குடியானவரிடமே நேராக வரி பெறும் ரயத்துவாரி முறை இவர்கள் கையில் இங்கேதான் உருக்கொண்டது. இதன் மற்ற விளைவுகளைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நம்முடைய சிறு கணக்கின் கோணத்திலிருந்து ஒன்று கவனிக்கத்தக்கது. முன்பு ஊர்த் தலைவரோ குத்தகைதாரரோ மொத்தமாக மாற்றிக் கட்டிய நாணயத்தை இனி ஒவ்வொரு குடியானவரும் தாமே கணக்குப் பார்த்தாக வேண்டும்.

நடுவில் நின்றவர் சராப். எந்த நாணயம் தேய்ந்தது, எது மாற்றுக் குறைந்தது என்று உரசியும் நிறுத்தும் சொல்பவர் அவர். நாணயத்தை மாற்றித் தருவதற்கு அவர் பிடித்துக்கொள்ளும் கழிவுக்கு 'வட்டம்' என்று பெயர். அதன் வேலையைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக்கொள்வோம். ஒரு குடியானவர் 100 பணம் கிஸ்தி கட்ட வேண்டும். அவரிடமிருப்பதோ கச்சேரி நேராக ஏற்காத பணம். சராப் நூற்றுக்கு 4 வட்டம் பிடிக்கிறார். எத்தனை பணம் கொண்டுபோனால் கிஸ்தி தீரும்? 104 என்று வாய் முந்திக்கொண்டு சொல்லும். 104க்கு வட்டம் கழித்தால் 99 பணமும் முக்காலே அரைக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகவும்தான் வரும். முழுதாக நூறு சேர 104 பணமும் ஆறில் ஒரு பங்கும் வேண்டும். இந்த ஆறில் ஒரு பங்கைத் தெரியாமல் பத்து கல் நடந்துவந்தவர் கிஸ்தி பாக்கிதாரராகத் திரும்புவார். அதைத் தெரிந்தவர் வீட்டிலிருந்தே கூடுதலாக ஒரு பணம் முடிந்துகொண்டு வருவார். பள்ளிக்கூடத்தில் பிழையாகப் போட்ட கணக்குக்கு ஒரு மதிப்பெண் போகும். இங்கே மாடு போகும்.

இதில் இன்னொரு கசப்பும் உண்டு. கணக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்தாலும், எந்த நாணயத்துக்கு எந்த வீதம் என்பதைக் குடியானவர் தீர்மானிப்பதில்லை. அட்டவணை கச்சேரியிலிருந்து வருகிறது. கணித அறிவு அவரை ஏமாற்றத்திலிருந்து காக்கும், அட்டவணையிலிருந்து காக்காது. நாணயக் கணக்குகளின் வரலாறு முழுவதிலும் இவ்வேறுபாட்டை மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

காணியும் வீசமும்

குடியானவரின் பிள்ளைக்கு இக்கணக்கைச் சொல்லிக்கொடுத்தது திண்ணைப் பள்ளிக்கூடம். மணலில் எழுதி, எண்சுவடியை உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்யும் பள்ளி. பாராமகாலில் உதவியாளராக இருந்த அதே மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாண ஆளுநராக 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 பேர் படித்தார்கள். இவ்வாவணங்களைத் தரம்பால் 1983இல் 'அழகிய மரம்' என்று பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலில் தொகுத்து வெளியிட்ட பிறகு, அவற்றைப் பற்றிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்தப் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றுபோல் இடம் பெறவில்லை, பெண்பிள்ளைகள் மிகமிகக் குறைவு என்பவற்றையும் அதே ஆவணங்கள் காட்டுகின்றன. வட்டம் போட்டு ஏமாற்றப்படக்கூடியவர்கள் யாரோ, பெரும்பாலும் அவர்களே திண்ணைக்கு வெளியே நின்றார்கள்.

திண்ணையில் கற்பித்த கீழ்வாயிலக்கத்தைப் பழைய பொருளற்ற சுமையென்று எண்ணுவோர் உண்டு. முந்திரி 320இல் ஒன்று. அரைக்காணி 160இல் ஒன்று. காணி 80இல் ஒன்று. மா 20இல் ஒன்று. மாகாணி அல்லது வீசம் 16இல் ஒன்று. அரைக்கால் 8இல் ஒன்று. இவற்றை நாணயத்தின் அருகே வைத்துப் பாருங்கள். ஒரு பணத்துக்கு 80 காசு என்றால் ஒரு காசு என்பது ஒரு காணிப் பணம். 4 காசு ஒரு மா. 5 காசு ஒரு வீசம். 10 காசு அரைக்கால். 20 காசு கால். 40 காசு அரை. ஒன்றுக்கும் தனியாகப் பெருக்கல் தேவையில்லை. எண்சுவடியைச் சொல்லும் நாக்கே நாணயத்தை மாற்றித் தந்துவிடுகிறது. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலத்துக்கும் நெல்லுக்கும் பொன்னுக்கும் தனித்தனியே கணக்குகளை வகுத்துக்கொண்டது. அந்நூல் பலாப்பழத்தை வெட்டாமல் சுளையை எண்ணும் வேடிக்கைக்காக இன்று நினைக்கப்படுகிறது. பொன்னின் மாற்றும் விலையும் பற்றிய அதன் பகுதிகளே அக்காலத்தில் ஒருவரின் பிழைப்பைக் காத்தவை.

பிறகு ரூபாய் வந்தது. 1818இல் சென்னை மாகாணத்தில் வராகனின் இடத்தை வெள்ளி ரூபாய் எடுத்துக்கொண்டது; 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது வீதம். வராகனுக்கு 42 பணம் என்றால் ரூபாய்க்குச் சரியாக 12 பணம். 1835இல் கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே ரூபாய். அதற்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்படி. காணிக்கு வேலை குறைந்தது. வீசம் உடனே அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. ஓர் அணா என்பது ஒரு வீசம் ரூபாய், இரண்டணா என்பது அரைக்கால் ரூபாய். அணாவையும் மறுபடி பாதியாக்கி அரையணா, காலணா. 1943 முதல் 1947 வரை நடுவில் துளையிட்டு அடித்த செப்புக் காசுதான் இன்றும் வசவில் வாழும் ஓட்டைக் காலணா.

ஒரே தொகையை இந்த மாற்றங்களினூடே நடத்திப் பார்ப்போம். 3 வராகன் 17 பணம் 40 காசு என்று பழைய ஓலையில் ஒரு கடன் எழுதியிருப்பதாகக் கொள்வோம். வராகனைப் பணமாக்கினால் 126; மொத்தம் 143 அரைப் பணம். பன்னிரண்டால் வகுத்தால் 11 ரூபாய் 15 அணா 4 தம்படி. அதையே பேரன் காலத்தில் புதிய காசாக மாற்றினால் 11 ரூபாய் 96 நயா பைசா. தொகை ஒன்று, பெயர் மூன்று. கடைசி மாற்றத்தில் மட்டும் துல்லியம் சற்றே நழுவுகிறது. உண்மையில் 95ம் ஆறில் ஐந்து பங்கும்தான். அந்த நழுவலில் ஒரு தலைமுறையின் சச்சரவு ஒளிந்திருக்கிறது.

ஏப்ரல் 1, 1957

1955ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாயிற்று. ஓர் அணா 6 கால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் இல்லை. ஆகவே அரசு ஓர் அட்டவணை வெளியிட்டது: ஓர் அணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. அரையும் அதற்குக் குறைந்த பின்னமும் விடப்படும். அரைக்கு மேற்பட்டது முழுதாகும்.

இந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவரும் விற்பவரும் என்னவெல்லாம் செய்யலாம் என்று பாருங்கள். ஓரணாப் பண்டங்கள் மூன்றை ஒன்றாக வாங்கினால் 19 நயா பைசா. ஒவ்வொன்றாக மூன்று முறை வாங்கினால் 18. ஒரு ரூபாய்க்கு 16 பண்டம் விற்கும் சிறு வியாபாரி, தனித்தனியாக விற்றால் 96 நயா பைசாதான் பார்ப்பார். அதே வியாபாரி அணாவுக்கு 7 நயா பைசா என்று வைத்தால் ரூபாய்க்கு 12 நயா பைசா மிகுதி. நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று முழுதாக விழுந்ததால் அவை மட்டும் பெயரோடு பிழைத்தன. நயா பைசா 1964இல் 'நயா'வை உதறி வெறும் பைசாவான பின்பும் மக்கள் 25 காசை நாலணா என்றே சொன்னார்கள்.

தசம முறையால் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல நமக்கு விருப்பமில்லை. அணாவையும் தம்படியையும் கூட்டி நொந்த பிள்ளைகளுக்கு அது விடுதலை. ஆயினும் எண்சுவடிக்கு அன்றுதான் கடைசி நாள் என்று சொல்லத் தோன்றுகிறது. வீசத்துக்கு நாணயம் இல்லாமல் போனபின் வீசத்தை எவன் மனப்பாடம் செய்வான்? ஒரு வாய்பாட்டைத் தடைசெய்ய ஆணை தேவையில்லை. சந்தையில் அதன் வேலையை எடுத்துவிட்டால் போதும். அடுத்த தலைமுறைக்கு அது விடுகதையாகிவிடும்.

மூன்று காசும் இருபது காசும்

தசம நாணயங்களிலும் வேடிக்கைகள் இருந்தன. 1957இன் வரிசையில் 1, 2, 5, 10 என்ற சிறு நாணயங்களைக் கொண்டு 10 காசைத் தருவதற்கு 11 வழிகள். 1964இல் 3 காசு வந்தது. அறுகோண வடிவ அலுமினிய நாணயம். பலர் நினைவில் இன்னும் இருக்கும். அது சேர்ந்ததும் 10 காசுக்கு 21 வழிகள். ஒரேயொரு புது நாணயம் வழிகளை ஏறத்தாழ இருமடங்காக்கிவிட்டது. எந்த மதிப்பிலும் நாணயம் உண்டு என்று கற்பனை செய்தால் என்ன ஆகும்? 100ஐப் பிரிக்க 19,05,69,292 வழிகள். இவ்வெண்களின் வளர்ச்சியைக் கணிக்கும் சூத்திரத்தைத்தான் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் ஹார்டியுடன் சேர்ந்து 1918இல் வெளியிட்டார். உயர்கணிதத்தின் அந்தச் சிகரத்துக்கு அடிவாரத்தில் சில்லறை மாற்றும் கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

கடைக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. மீதி தரும்போது பெரிய நாணயத்தை முதலில் எடுப்பார், பிறகு அடுத்தது. பெரும்பாலும் இதுவே மிகக் குறைந்த நாணயங்களில் முடியும். 1968இல் 20 காசு வந்தபோது இவ்விதி பொய்த்தது. 40 காசு மீதி தர வேண்டும். பெரியதிலிருந்து தொடங்கினால் 25, 10, 5 என்று மூன்று நாணயம். 20 காசு இரண்டு கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். கணினித் துறையினர் 'பேராசை வழி' தவறும் இடத்துக்கு இத்தகைய நாணய வரிசைகளை எடுத்துக்காட்டுகிறார்கள். நம் ஊர்க் கடைக்காரர் எந்தப் பாடமும் படிக்காமல் இரண்டு இருபது காசைத் தூக்கிப் போட்டிருப்பார்.

செல்லும், செல்லாது

2011 ஜூன் 30உடன் 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாக்காசாயின. நாலணா என்ற சொல் அதன் கடைசி உடலையும் இழந்தது. 50 காசு சட்டப்படி இன்றும் செல்லும். கடையில் கொடுத்துப் பார்ப்பவரைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது 10 ரூபாய் நாணயத்தின் கதை. போலி நாணயம் உலவுகிறது என்ற வதந்தி பரவித் தமிழகத்தின் பல ஊர்களில் கடைகளும் பேருந்துகளும் அதை வாங்க மறுத்தன. 14 வடிவங்களும் செல்லுபடியாகும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்ட பிறகும் தயக்கம் எளிதில் அகலவில்லை. பழக்கமான கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களால் 20 ரூபாய் தருவதற்கு 41 வழிகள். 10 ரூபாயைச் சந்தை மறுத்தால் வழிகள் 30. பதினொரு வழிகளை எந்தச் சட்டமும் மூடவில்லை. ஒருவரையொருவர் நம்பாமை மூடியது. இங்கே நிலைமை பாராமகாலுக்கு நேர்மாறானது. அன்று கச்சேரி ஏற்காததைச் சந்தை ஒரு வட்டம் பிடித்து ஏற்றுக்கொண்டது. இன்று அரசு செல்லும் என்றதைச் சந்தை செல்லாதென்றது. நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் நேர்மை என்றும் பொருள் இருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

ஊத்தங்கரை இன்று வேறொரு வகையில் கணக்குக்குப் பெயர்பெற்ற ஊர். 2014ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநில முதலிடம் இவ்வூர்ப் பள்ளி மாணவிக்குச் சென்றது. 2017இல் அரசு தரவரிசை அறிவிப்பைக் கைவிடும்வரை இப்பகுதிப் பள்ளிகளின் பெயர்கள் ஒவ்வொரு மே மாதமும் செய்தித்தாளில் அடிபட்டன. திண்ணைக்கு வெளியே நின்றவர்களின் கொள்ளுப்பேத்திகள் பலர் இன்று வகையீடும் தொகையீடும் செய்கிறார்கள் என்பது சிறிய மாற்றமன்று. எண்சுவடி போனதற்காகக் கண்ணீர் விடுவோர் இதையும் தராசில் வைக்க வேண்டும். அதே வேளையில், ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பும் பணமும், சந்தையில் கீரைக்குக் கொடுக்கும் பணமும் கைப்பேசியில் காசு பிசகாமல் போய்ச் சேர்கின்றன. மீதிச் சில்லறை என்ற ஒன்றே எழுவதில்லை. 24 நாணயக் கணக்கு பாடநூலில் தொடர்கிறது. பையில் நாணயம் இல்லாத பிள்ளைக்கு அது அரசகுமாரனின் நூறு பறவைகளைப் போன்ற கதையாகிவருகிறது.

கதையாகவேனும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பது நல்லது என்றே கருதுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழி, அளப்பவன் யார் என்பதைச் சொல்லவில்லை. வட்டத்தைச் சராப் அளந்தார், வீதத்தைக் கச்சேரி அளந்தது, பின்னத்தை 1957இன் அட்டவணை அளந்தது, இன்று கண்ணுக்குத் தெரியாத இயந்திரம் அளக்கிறது. வட்டிக்கு வட்டி, தவணைக் கட்டணம், தங்க நகைக்குச் சேதாரம் என்ற பெயர்களில் பழைய வட்டம் நம்மைச் சுற்றி வந்துகொண்டுதான் இருக்கிறது. நூற்றுக்கு நாலு என்றதும் 104 என்று வாய் முந்தும்போது, அந்த ஆறில் ஒரு பங்கை நினைத்து ஒரு கணம் நிற்கும் பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.